பச்சைப் பூச்சுக்கு அடியில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், இதில் ஏதாவது ஒன்று பொய்யென்றால் மறைக்காமல் சொல். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியில் மட்டும்தான் வருகிறது, அதனால் அவர் காலைக் குறை சொல்லாமல் மாடிப்படி கட்டின கொத்தனாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, பக்கத்து வீட்டு டீச்சர் வயசு குறைந்துவிட்டது என்கிறாள், அவளுக்கும் கண் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ அனுப்பிய படத்தில் உன் அறையைப் பார்த்தோம். கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறாய், குளிர் நேராக மண்டையில் இறங்கும், சுவர்ப் பக்கம் தள்ளிப் போடு. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நடுநடுவே திருத்தம் சொல்வார், நீயும் பாதியில் குறுக்கே கேள்வி கேட்பாய், இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம். உட்கார்ந்து படி.

அப்பா வேலை பார்த்த நாற்காலித் தொழிற்சாலை மூடிக் கிடந்ததே, இப்போது கட்டடத்தையே இடிக்கிறார்கள். உள்ளே இருந்த மெஷின்களையெல்லாம் பழைய இரும்புக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவர் அப்பாவுக்கு வெகுகாலப் பழக்கம், ஒரு நாள் காலையில் ஃபோன் செய்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு "சும்மா ஒரு நடை பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். போனவர் லாரியோடு வந்து வாசலில் இறங்கினார். லாரியில் ஒரே ஒரு மெஷின், இழைப்பு மெஷின், அப்பாவின் இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்ட அதே மெஷின். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய், அதனால் அதை நீ பார்த்ததில்லை. இரண்டு இரும்பு மேசைகள் எதிரெதிரே இருக்கும், நடுவில் ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் கத்தி பொருத்திய உருளை சுற்றும். பலகையைக் கையால் அழுத்தி இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ள வேண்டும், அடிப்பக்கம் வழவழவென்று இழைபட்டு வரும். கைக்கும் கத்திக்கும் நடுவே இருப்பது அந்தப் பலகை ஒன்றுதான். நான் வாசலில் நின்றபடியே கேட்டேன், "கடிச்ச நாயை யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்களா?" என்று. "நாய் இல்ல, மெஷின்" என்றார். அதற்கு மேல் காரணம் கேட்டதற்கு, "சம்மட்டியால உடைக்கப் போறாங்க, பாத்துட்டு நிக்க முடியல" என்றார். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. கார் இல்லாத நம் கார் ஷெட்டுக்கு ஒரு வழியாக ஆள் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அதில் நானும் மாட்டிக்கொண்டேன். துருவும் மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது என்ன மெஷின் என்பதே தெரியவில்லை, பெயர்ப் பலகை கழன்று போயிருந்தது, மெஷினின் இரும்புக் காலில் வார்ப்பிலேயே வந்த எண் மட்டும் இருந்தது. குடிநீர் வாரியத்தில் வாழ்நாளெல்லாம் குழாய்க்கும் வால்வுக்கும் படம் போட்ட கை சும்மா இருக்குமா, அளவெடுத்து முழு மெஷினையும் மூன்று பக்கத்திலிருந்து வரைந்தேன். பழைய மர மெஷின்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் இணையத்தில் இருக்கிறது, உலகம் முழுக்க ஆள், எல்லாருக்கும் துரு என்றால் உயிர். படத்தை அதில் போட்டேன். தூர தேசத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி பதில் எழுதினாள், உருளை சதுரமா வட்டமா என்று முதல் கேள்வி. சதுரம் என்றேன். அப்படியானால் மிகப் பழையது, எக்காரணம் கொண்டும் ஓட்டாதே, சதுர உருளையில் கை பட்டால் உள்ளே இழுக்கும், நாலு பக்கமும் பள்ளம், வட்ட உருளை வந்ததே அதற்காகத்தான் என்று எழுதினாள். இன்னொருவர் மாற்றினால் பழமை போய்விடும், அப்படியே இருக்கட்டும் என்றார். அவர்களுக்குள் பெரிய சண்டை. அப்பா அதையெல்லாம் படித்துவிட்டு, "சண்டை போடறவங்க எல்லாருக்கும் பத்து விரலும் இருக்கும்" என்றார். லேத் பட்டறைக்காரரிடம் சொல்லி வட்ட உருளை கடைந்து வாங்கினோம், சதுரத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாயிற்று.

துரு எடுக்கும் வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி, துவைக்கிற சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் கம்பியை மாட்டி ஊற வைத்தால் துரு தானாக உரிந்து வருகிறது, டிரம்மைப் பார்த்தால் வாய்க்காலில் வெள்ளம் வந்த மாதிரி இருக்கும். சின்ன உறுப்புகளுக்கு அது. பெரிய உடம்புக்குச் சுரண்டல்தான். அப்பா தகட்டால் பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வந்தார், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பச்சைக்கு அடியில் சாம்பல், அதுதான் கம்பெனியிலிருந்து வந்த பூச்சு. மேசைக்குக் கீழே பக்கவாட்டில் ஓரிடத்தில் சாம்பலுக்கு நடுவே வெள்ளையாக வட்டம் தெரிந்தது. அப்பா வார்ப்பில் விழுந்த குழி, பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றார், சுவரில் பெயிண்ட் அடிக்கும் முன் வைப்பார்களே அந்தப் பட்டிதான். இன்னும் சுரண்டினால் இன்னொன்று, அப்புறம் கீழே இரண்டு. நான்கு வட்டம், சதுரமாக, ஒரே இடைவெளியில். நான் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன், வார்ப்பில் விழும் குழி இப்படி அணிவகுத்து நிற்காது என்று. அப்பா ஒரு கூர்க்கம்பியை எடுத்துக் குத்திப் பட்டியைத் தோண்டினார். உள்ளே மரை இருந்தது. நான்கிலும். ஏதோ ஒன்றை போல்ட் போட்டு மாட்டுவதற்கான ஓட்டைகள்.

படம் எடுத்து அந்த அருங்காட்சியக அம்மாளுக்கு அனுப்பினேன். அங்கேதான் காப்பு மாட்டியிருக்கும், பாலம் மாதிரி வளைந்த ஒரு கை, கத்திக்கு மேல் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், பலகை அதற்கு அடியில் நுழைந்து போகும், கை நுழையாது, இந்த வகை மெஷினோடு கம்பெனியே கொடுத்தது என்று எழுதினாள். அதை வாசித்துக் காட்டினேன். உனக்குத் தெரியும், அப்பா அங்கே சேர்ந்தபோது அந்த மெஷினில் காப்பு என்று ஒன்று கிடையாது. விபத்து நடந்து இன்ஸ்பெக்டர் வந்தபோது, இந்த மெஷினுக்குக் காப்பே வராது சார், ஆள்தான் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் பராக்கு. தொழிற்சாலையில் அதே பெயர், கல்யாண வீட்டில் அதே பெயர், பழைய இரும்புக்காரர் அன்று ஃபோன் செய்தபோதுகூட "பராக்கு அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே என்னவென்று கேட்டார்.

மகளே, இனி எழுதுவதை நிதானமாகப் படி. மருத்துவமனையிலிருந்து திரும்பி முதல் நாள் வேலைக்குப் போனபோது மெஷினுக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்ததை அப்பா நினைவு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு ஃபோர்மேன் தோளில் கை போட்டு, "உன் ரத்தக் கறை இருந்துச்சு மாப்ளே, நீ வந்து பாக்கக் கூடாதுன்னு அடிக்கச் சொன்னேன்" என்றாராம். அப்பா அதை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லி நெகிழ்ந்திருக்கிறார். அந்த ஃபோர்மேன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணன், உன் மாமா. இப்போது மெஷினைப் பார்த்தால் சாம்பல், சாம்பலுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் பச்சை. நடுவில் தூசி படிந்த தடம்கூட இல்லை, பட்டியும் பச்சையும் ஒரே மூச்சில் ஏறியவை.

அப்பா கீழே, சுரண்டிய பெயிண்ட் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் பராக்குப் பாக்கலையா?" என்று கேட்டார், என்னைப் பார்த்து அல்ல, மெஷினைப் பார்த்து. நான் சொன்னேன், "பாத்திருக்கலாம், பாக்காமலும் இருந்திருக்கலாம், மனுஷன் பராக்குப் பாப்பான்னுதானே காப்பு வைக்கிறது." உன் லென்ஸ் தேய்க்கும் ஆலையில் மூடி திறந்தால் மெஷின் நின்றுவிடும் என்று எழுதியிருந்தாயே, அங்கே இருப்பவர்களெல்லாம் முனிவர்களா என்ன. நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மனுஷர் ஒரு தடவை பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது மாடிப்படியில் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னால் என்னைக் கூப்பிடுவார். பள்ளியில் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நீ சீட்டு கொண்டுவந்தபோது கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், நீ பயந்தாங்கொள்ளி அப்பா என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாய். தன்னை நம்பாத மனுஷர், அவ்வளவுதான். அதை அவர் பிறவிக் குணம் என்று நானும் நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மாமா வந்தார். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடிவதில்லை, மாமி போனதிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். அப்பா ஓட்டைகளை மூடி மறைக்கவில்லை, அவரை அழைத்துக் காட்டவும் இல்லை. மாமாவே ஷெட்டுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். போனவர் குனிந்து அந்த ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "அண்ணா, இது என்ன ஓட்டை?" என்று கேட்டேன். முதலில் முழங்கால் எண்ணெய் பற்றி ஏதோ சொன்னார், அப்புறம் மழை வரும்போலிருக்கிறது என்றார். நான் அங்கேயே நின்றேன். ஊன்றுகோலை மேசைமேல் சாய்த்துவிட்டு, "ஒவ்வொரு கட்டைக்கும் அதை ஏத்தி எறக்கணும், நேரம் போகுதுன்னு முதலாளி கழட்டச் சொன்னாரு. கழட்டினது நான்தான்" என்றார். பட்டி வைத்தது யார் என்றேன். "அதுவும் நான்தான்." பராக்கு என்று சொன்னது யார் என்றேன். "இன்ஸ்பெக்டர் கேட்டாரும்மா, எதையாவது சொல்லணுமே" என்றார். அப்பா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா அவர் பக்கம் திரும்பி, "திட்டிடு மாப்ளே, கை நீட்டி அடிக்கணும்னாலும் அடி" என்றார். அப்பா கேட்டது ஒன்றுதான். "அந்தக் காப்பு எங்க இருக்கு மச்சான்?" அப்போதே உருக்கப் போட்டுவிட்டார்கள் என்றார் மாமா. "அப்ப அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் அப்பா.

நான் சாப்பாடு போடவில்லை. அப்பாதான் உள்ளே போய் அவருக்குத் தட்டு வைத்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அருங்காட்சியக அம்மாளிடம் இதே வகை மெஷின் ஒன்று இருந்தது, ஆனால் அதிலும் காப்பு இல்லை, அதன் சரியான அளவும் அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர், கையால் கழட்டியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். மாமா ஞாயிறு மட்டுமல்ல, நடு வாரத்திலும் ஆட்டோ பிடித்து வர ஆரம்பித்தார். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் வரைய வேண்டும். அவரோடு பேச எனக்கு இஷ்டமில்லை, பென்சிலோடு மட்டும் பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், "வளைவு இங்கேர்ந்து தொடங்காது, ஒரு விரக்கடை மேல போயிட்டுத்தான் வளையும்," "தகட்டோட ஓரத்துல ஒரு சின்ன உடைசல், வலது பக்கம், அது எனக்கு முன்னாலயே இருந்தது," "திருகு தலை பித்தளை." எதை மறந்தாலும் அந்தக் காப்பின் ஓர் அங்குலத்தைக்கூட அவர் மறக்கவில்லை. நேற்று சாப்பிட்ட மாத்திரையைக் கேட்டால் தெரியாது. ஒருமுறை நடுவில் நிறுத்தி, "மாப்ளே, நான் அப்ப அப்படிச் சொன்னது..." என்று தொடங்கினார். அப்பா ரம்பத்தைக் கீழே வைக்காமலே, "வளைவைச் சொல்லுங்க மச்சான்" என்றார். மாமா வளைவைச் சொன்னார்.

என் படத்தை வைத்து அப்பா மரத்தில் அச்சு செய்தார், எட்டு விரலால் செய்தது, ஒரு பிசிறு இல்லை. வார்ப்புக்கூடத்தில் மணலில் பதித்து ஊற்றிக் கொடுத்தார்கள். உருளை சுற்றும் தாங்கிக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றும் வேலையை லேத் பட்டறைக்காரர் நம் ஷெட்டிலேயே செய்தார், தண்டில் விளக்குக் கரி பூசிக்கொண்டால் உலோகம் ஒட்டாதாம், அதற்காக என் நல்ல சமையலறைத் துணி இரண்டு கரியாகிப் போயின, எழுதி வைத்துக்கொள், வரும்போது நாலு துணி வாங்கி வா. புது மோட்டார், புது பெல்ட், பெல்ட்டுக்கு மூடி. பழைய சாம்பல் நிறமே மறுபடி அடித்தோம். நான்கு ஓட்டையிலும் போல்ட் ஏறியபோது ஒரு சத்தமும் இல்லை, திருகிக்கொண்டே போனது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

ஓட்டிப் பார்த்த அன்று மாமாவும் வந்திருந்தார். சுவிட்ச் போடும் நேரத்தில் ஷெட்டை விட்டு வெளியே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அப்பா ஒரு பலகையை எடுத்து மேசையில் வைத்து, காப்பைப் பலகையின் உயரத்துக்கு இறக்கி, ஒரு தடவை சரி பார்த்தார். நான் அடுத்து இன்னும் இரண்டு தடவை பார்ப்பார் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. தள்ளினார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் பலகை எப்படி வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சுருள் சுருளாகச் செதில் கால்மாட்டில் விழுந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி. பலகை காகிதமாகிவிடுமோ என்று நான் சுவிட்சை அணைத்தேன். அவர் முகம் நனைந்திருந்தது, வியர்வை என்றார், நானும் வியர்வை என்றே வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாமா கையில் கொடுத்தார். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். இருவரும் மழை வரும் வரை அங்கேயே நின்றார்கள்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று மாமா கேட்டார். "அவ என்னைப் பத்தி ஒண்ணு நெனச்சிட்டிருக்கா, அது இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். உண்மைதான், உன்னைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர், ஆற்றுக்குப் போகச் சீட்டில் அப்பாவுக்குப் பதில் கையெழுத்துப் போட்டவர் அவர், விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் அழுதவரும் அவர்தான். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "எழுது. அவளும் பெரிய மனுஷிதான். ஆனா அவர் ஃபோன் பண்ணா எடுக்காம இருக்கக் கூடாதுன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து மாமா உனக்கு ஃபோன் செய்வதை நிறுத்திவிட்டார், வேலை மும்முரம் என்று நீ நினைத்திருப்பாய், அவருக்கு என்ன வேலை. நீயாகக் கூப்பிடு. என்ன பேசுவது என்று நான் சொல்லித் தர மாட்டேன். கோபப்படத் தோன்றினால் படு, ஆனால் ஃபோனை வலது காதில் வைத்துக்கொள்ளச் சொல், இடது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, கோபம் வீணாகப் போகும்.

அப்பா மன்னித்துவிட்டாரா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தினமும் ஷெட்டில் இருக்கிறார், பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறார், மெதுவாக விசிலடிக்கிறார், இத்தனை வருஷத்தில் அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை. கூடப் பிறந்தவர், தகப்பன் மாதிரி என்னைக் கட்டிக் கொடுத்தவர், அந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், வரவில்லை. வரும்போது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோல் சத்தம் வாசலில் கேட்டால் நான்தான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன், வாங்க என்று மட்டும் வாய் வரவில்லை. இப்போதைக்கு என்னால் முடிந்தது கதவு.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க, மனசில் பாரம் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் அடக்கம். பல் வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதே, டாக்டரிடம் போ. கட்டிலை நகர்த்தியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா